தாலி கட்டியவன் அடித்தால் தலையிடக்கூடாதா?

(கிள்ளானில் நடைபெற்ற கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றிப் பேசுவோம் என்று எண்ணி வந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். ஆனால் அதுவும் சங்கத்தின் விஷயந்தான்.

1941-ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் நம்மவர்கள் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைத் துரைகளும் கறுப்புத் துரைகளும் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். (கறுப்புத் துரை என்றால் யார் என்று இங்கே அமர்ந்திருக்கும் கிராணிமார்களுக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அந்தக் காலம்!) நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

துரையின் கையைத் தட்டிவிட உயிரையே கொடுத்தவர்கள் நாம். ஆனால் நம் கையை நாம் பார்க்கவில்லை. லயத்திலே அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகை. அடுத்த வீட்டில் அடி விழுந்தால் எல்லாருக்கும் கேட்கும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அந்தப் பெண் வீங்கிய முகத்தோடு நிற்பாள். கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பாள். குடும்ப விவகாரம் என்று மண்டோர் தலையைத் திருப்பிக்கொள்வார். நாமும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவோம்.

இங்கே பிறந்த பெண்ணுக்காவது அடுத்த லயத்தில் தாய்வீடு இருந்தது. அண்ணன் தம்பி இருந்தார்கள். கடல் தாண்டித் தனியாக வந்தவளுக்கு யார் இருக்கிறார்கள்?

சில காலத்துக்கு முன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சகோதரி நம்மைத் தேடி வந்தார். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கடை மாடியில் ஓர் அறைதான் வீடு. கணவன் இந்நாட்டுப் பிரஜை. “அண்ணே, விசா முடிய இருபது நாள்தான் இருக்கு. கையெழுத்துப் போட வரமாட்டேங்கிறாரு. பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான் இருக்கு. போலீசுக்குப் போனா உன்னைத்தான் பிடிச்சு உள்ளே வைப்பான்னு சொல்றாரு” என்றார். நம்மில் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்றார். பெயர் வேண்டாம். அன்று அந்த அறையில் இருந்த எல்லாரும் அதற்குத் தலையாட்டினோம். அந்தச் சகோதரி மறுபடி வந்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது.

அந்தக் கட்டுக்கு நாமும் பொறுப்பு. அதனால்தான் இந்தப் பேச்சு.

அந்தக் கணவன் கையில் இருந்தது பிரம்பல்ல, விசா. வெளிநாட்டு மனைவிக்குக் கொடுக்கப்படும் நீண்டகால வருகை பாஸ் கணவனின் பொறுப்பில் நிற்பது. அதைப் புதுப்பிக்கக் குடிநுழைவு இலாகாவுக்கு அவன் வரவேண்டும். வேலை செய்யவும் தனியாக அனுமதி பெறவேண்டும். ஆக, சோறும் அவன் கையில், நாட்டில் இருப்பதும் அவன் கையில். ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். முதலாளிக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டமல்ல அது.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் அமலுக்கு வந்தது. அது அடிபட்டவளிடம் நீ எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்பதில்லை. கல்யாணம் பதிவாகவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். மதப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால், அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவள் மனைவிதான். கோயிலில் கட்டிய தாலி போதும். 2012-இல் மனத்தை வதைப்பதும் வன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2018 முதல் சமூக நல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அது ஏழு நாளைக்குச் செல்லும். போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே பெறலாம். ரிப்போர்ட் கொடுத்தால், விசாரணை முடியும்வரை மாஜிஸ்திரேட் இடைக்கால ஆணை தருவார். வழக்கு நடந்தால் பன்னிரண்டு மாதம்வரை பாதுகாப்பு ஆணை உண்டு.

இந்தச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பெர்மிட்டில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளி இங்கே கல்யாணம் செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே சடங்கில்லாமல் ஒருவனோடு சேர்ந்து வாழ்பவளும் இருக்கிறாள். அவளை இச்சட்டம் காக்காது. அடித்தது குற்றமென்று தண்டனைச் சட்டத்தின் கீழ் ரிப்போர்ட் கொடுக்கத்தான் முடியும். கல்யாணத்தையும் தடுத்து, கல்யாணமில்லாதவளுக்குப் பாதுகாப்பையும் மறுத்தால் அவள் எங்கேதான் போவாள்? இதை நாம் மகஜரில் எழுதிக் கேட்கவேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், அவசரப் பிரிவிலேயே இப்படிப்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 1990-களில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஏற்பாடு அது. டாக்டரின் அறிக்கைதான் பின்னால் சாட்சி. ஆனால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். பத்திரம் இல்லாதவரைப் பற்றிப் போலீசுக்குத் தெரிவிக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்கு 2001-இல் உத்தரவு போனது. அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயப்படாதே என்று வாயால் சொல்லி அனுப்பாமல், துணைக்கு ஒரு பெண்ணும், விவரம் தெரிந்த அமைப்பு ஒன்றும் இருக்கும்படி பார்க்கவேண்டும். 1982-இல் தொடங்கிய மகளிர் உதவி அமைப்பு தங்குமிடமே நடத்துகிறது. ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகானிதா குடிபெயர்ந்த தொழிலாளருக்காக உழைப்பது. அந்த அம்மையார் 2014-இல் மறைந்தார். அவரும் தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர்தான். நள்ளிரவானாலும் 15999 என்ற அரசாங்க எண்ணைக் கூப்பிடலாம்.

கிராணித் தோழர்களே, இங்கே உங்கள் பேனாவுக்கு வேலை இருக்கிறது. மலாயில் ரிப்போர்ட் எழுதத் தெரியாமல் எத்தனையோ பேர் ஸ்டேஷன் வாசலிலிருந்து திரும்புகிறார்கள். கூடப் போங்கள், மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இவற்றின் நகலை அவள் கேட்டால் காரியாலயத்தில் பத்திரமாக வைத்துக்கொடுங்கள். பால்வெட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: வீரம் காட்டுவதாக எண்ணி அவள் கணவனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அடி அவள்மீதுதான் விழும். என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். சாட்சி சொல்ல அழைத்தால் வாருங்கள்.

எப்போது கிளம்புவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இன்று திரும்பிப் போகிறேன் என்றாலும் கோபிக்காமல் அனுப்புங்கள். நாளைக்கு வரும்போது கதவு திறந்திருக்கவேண்டும்.

அந்தச் சகோதரி இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. விசா விவகாரம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. குடிநுழைவு இலாகாவுக்கு இந்த வாரமும் மாதர் பகுதித் தோழியர் இருவர் அவரோடு போகிறார்கள். ஒவ்வொரு கிளையிலும் இப்படி இரண்டு பெண்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள்.