தையல் தொழிலாளியும் கனவான்களின் நீதியும்

(மகளிர் தினக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் 1776இல் முழங்கியது. அந்தச் சமத்துவம் உழைக்கும் பெண்ணுக்கு எந்த அளவுக்குக் கிடைத்தது என்பதை, 17 ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது.

லானா சாயர் 17 வயதுத் தையல் தொழிலாளி. அவருடைய மாற்றாந்தந்தை துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி. ஹாரி பெட்லோ என்ற செல்வந்தர், வழக்குரைஞர் ஒருவர் எனப் பொய்ப்பெயரில் அவரிடம் அறிமுகமானார். 1793 செப்டம்பரில் ஓர் இரவு உலாவ அழைத்துச் சென்று, பாலியல் தொழில் விடுதி ஒன்றுக்குள் வலுக்கட்டாயமாக இழுத்துப்போய் வன்கொடுமை செய்தார் என்பது லானாவின் சாட்சியம். வெளியே சொன்னால் பழி தன்மீதே விழும் என்று அறிந்திருந்தும் அவர் நீதிமன்றம் சென்றார்.

அக்டோபரில் விசாரணை நடந்தது. பெட்லோவுக்காக ஆறு வழக்குரைஞர்கள் வாதாடினர். அவர்களில் பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானவர். தையல்காரப் பெண் ஒருத்தியை இத்தகைய கனவான் திருமணம் செய்துகொள்ளவா தேடி வருவார்? அது தெரிந்தும் அவருடன் நடந்து சென்றவள் சம்மதித்தவளே. இதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். விடுதியை நடத்திய பெண்ணும் பெட்லோவுக்கு ஆதரவாகச் சாட்சி கூறினார். விசாரணை 15 மணி நேரம் நீடித்தது. ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி 15 நிமிடங்களில் அவரை விடுவித்தது.

மக்கள் கொதித்தெழுந்தனர். ஆனால் அந்தக் கோபம் விடுதிகள்மீது பாய்ந்தது; அங்கே பிழைத்த ஏழைப் பெண்களின் உடைமைகள் நொறுங்கின.

மாற்றாந்தந்தை ஓர் உரிமையியல் வழக்குத் தொடுத்தார். அதில் 4,500 டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. அன்று அது பெருந்தொகை. எந்த அடிப்படையில் வழங்கினார்கள் என்பதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மகளின் உழைப்பு குடும்பத் தலைவனுக்கு உரியது. அவள் கெடுக்கப்பட்டதால் அவன் அந்தச் சேவையை இழந்தான் என்பதே அச்சட்டத்தின் தர்க்கம். பெண்ணின் உடலுக்கு நேர்ந்த கொடுமையைக் காணாத சட்டம், ஆணின் உடைமைக்கு நேர்ந்த நட்டத்தை டாலர் கணக்கில் கண்டது.

அடிமைப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. மிசௌரி மாநிலத்தில் செலியா என்ற கறுப்பினப் பெண்ணை, ஏறத்தாழ 14 வயதில் விலைக்கு வாங்கிய எஜமானன் பல ஆண்டுகள் வன்புணர்வு செய்தான். 1855இல் அவர் அவனை அடித்துக் கொன்றார். எந்தப் பெண்ணையும் பலாத்காரத்திலிருந்து காக்கும் சட்டம் அங்கே இருந்தது. செலியாவும் அதில் அடங்குவார் என்று ஜூரிக்கு எடுத்துரைக்க நீதிபதி மறுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் செலியா தூக்கிலிடப்பட்டார். உடைமையாக எண்ணப்பட்டவருக்குத் தற்காப்பு உரிமை மறுக்கப்பட்டது.

இவை தொலைதூரக் கதைகள் என்று நாம் ஒதுங்க முடியாது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல், வன்புணர்வுக் குற்றம் சாட்டுவது பெண்ணுக்கு எளிது, ஆண் அதிலிருந்து மீள்வது கடினம் என்று எச்சரித்தவர். கணவன் மனைவிமீது இக்குற்றம் புரிந்தவனாக முடியாது என்றும் எழுதியவர். பிரிட்டிஷ் ஆட்சி இந்தச் சிந்தனையை அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டு சென்றது. பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையை இழிவுபடுத்தி அவர் சாட்சியத்தைத் தகர்க்க, 1872ஆம் ஆண்டின் நமது சாட்சியச் சட்டமே அனுமதித்தது. அந்தப் பிரிவு 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீக்கப்பட்டது. காலனியச் சட்டங்களுக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவில், கணவனுக்கான விதிவிலக்கு இன்றும் நீடிக்கிறது.

தோழர்களே, லானாவுக்கு நீதிமன்றத்தில் நிற்கும் துணிவு இருந்தது. அவருக்குப் பின்னே நிற்க உழைக்கும் பெண்களின் அமைப்பு இல்லை. இன்று புகார் கொடுக்கச் செல்லும் ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் நாம் நிற்க வேண்டும்: காவல் நிலையத்தில், மருத்துவமனையில், தீர்ப்பு வரும் நாள்வரை நீதிமன்ற வளாகத்தில். அந்த விதிவிலக்கை அகற்றும் போராட்டத்தையும் அங்கிருந்தே முன்னெடுப்போம்.