ஜப்பானிய வாளின் அழகு எங்கே இருக்கிறது?

ஜப்பானிய வாள் என்றதும் நம்மில் பலருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். காற்றில் மிதக்கும் பட்டுத்துணி இரண்டாகும், துப்பாக்கிக் குழல் துண்டாகும், ஆயிரம் முறை மடித்து அடித்த எஃகு என்று ஒரு குரல் பெருமை பேசும். பழைய ஜப்பானிய வாள் ஒன்றைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் முதலில் இந்தக் கதைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழைமையான வாள்கள் இன்றும் துருவேறாமல் இருப்பதற்குக் கூர்மை காரணமல்ல. கொல்லர் செய்த வேலை முழுவதும் எஃகின் மேற்பரப்பிலேயே தெரிகிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தார்கள். அந்த வாளின் அழகு மேலே பூசிய அலங்காரமல்ல, வேலையின் தடம் என்பதே என் வாதம்.

எஃகிலிருந்து தொடங்குவோம். மூலப்பொருள் இரும்பு மணலும் மரக்கரியும். களிமண்ணால் கட்டிய ‘தத்தாரா’ என்ற உலையில் மூன்று பகல், மூன்று இரவு மாறி மாறி இரண்டையும் கொட்டி எரிப்பார்கள். கடைசியில் உலையையே உடைத்துத்தான் எஃகுக் கட்டியை எடுக்க முடியும். ஷிமானே மாநிலத்தின் ஒகுஇசுமோவில் 1977இல் இந்த உலையை மீண்டும் மூட்டினார்கள். இன்றைய வாள் கொல்லர்களுக்கும் எஃகு அங்கிருந்துதான் போகிறது. அந்தக் கட்டி ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் கரிமம் கூடுதல், வேறிடத்தில் குறைவு, நடுவே கசடு. அதனால்தான் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடிக்கிறார்கள். ஆயிரம் முறையெல்லாம் இல்லை. பத்துப் பதினைந்து முறைதான். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் பத்தாவது மடிப்பிலேயே 1,024 அடுக்குகள் வந்துவிடும். கசடு வெளியேறி, கரிமம் சமமாகப் பரவும். இது மந்திரமல்ல, குறையுள்ள எஃகைத் தேற்றும் வழி. ஆனால் அந்த மடிப்புகள் மறைந்துவிடுவதில்லை. பலகையில் தெரியும் மரவரி போல வாளின் உடம்பெங்கும் மெல்லிய கோடுகளாக ஓடுகின்றன.

அடுத்த கட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும்; வாளின் தலைவிதி அதில்தான் இருக்கிறது. களிமண், கரித்தூள், கல்தூள் கலந்த குழம்பை வாளின் முதுகில் தடிமனாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசுவார்கள். பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு வாளைக் காய்ச்சுவார் கொல்லர். சூடு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதை எஃகின் நிறத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும், அதற்குத்தான் இருட்டு. பிறகு வாளைத் தண்ணீரில் தோய்ப்பார். மண்பூச்சு மெல்லியதாக உள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பூச்சின் கீழிருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து, முறியாமல் தாங்கும் தன்மையோடு நிற்கிறது. கடினமான பகுதி சற்றே விரிவதால் வாள் முதுகுப்பக்கம் வளைகிறது. நாம் வியக்கும் வளைவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரில் பிறந்தது. விளிம்பில் கீறல் விழுந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண். தப்பித்தால், இரண்டு வகை எஃகும் சந்திக்கும் எல்லை வெண்மையான அலையாக விளிம்போடு ஓடும். ‘ஹமோன்’ என்கிற அந்த அலையில் கொல்லரின் கைப்பழக்கம் அப்படியே பதிந்திருக்கிறது.

பிஸென் வட்டாரத்துக் கொல்லர்களின் அலையில் கிராம்பு மொட்டுகள் அடுக்கியது போன்ற வடிவம் வரும். மஸமுனே என்ற கொல்லரின் ஸோஷு மரபில் ஒளிரும் பருமணிகள் அலையெங்கும் சிதறிக் கிடக்கும். பழைய வாள்களை இப்படி ஐந்து பெரும் மரபுகளாகப் பிரித்து அறிகிறார்கள். இவற்றைக் கண்ணுக்குத் தெரிய வைப்பவர் சாணைக்காரர். படிப்படியாக நுண்மையான கற்களால் தேய்த்து, கடைசியில் நகக்கண் அளவே உள்ள கல்சில்லை விரல் நுனியில் வைத்து மெருகேற்றுகிறார். கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியை மட்டும் அவர் தொடுவதில்லை. கொல்லர் பெயரை வெட்டும் இடம் அது. அங்கே படிந்த கருந்துரு வாளின் வயதுக்குச் சாட்சி. அதைச் சுரண்டித் துடைத்தால் வாளின் மதிப்பு போய்விடும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மஸமுனேயின் வாள்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லையே, நிபுணர் சொல்வதை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கியதால் பல கையெழுத்துகள் தொலைந்தன. தரம் பார்ப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட ஹொன்னாமி குடும்பத்தின் தீர்ப்புகளிலும் பிழை இருக்கலாம். ஆனால் அவர்கள் ஆதாரமாகக் கொண்டது இன்னும் எஃகிலேயே இருக்கிறது. அடுத்த தலைமுறை அதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், மறுக்கலாம். இன்றைய ஆலை எஃகு இதைவிடச் சீரானதுதானே என்பார்கள். ஆம், சந்தேகமே இல்லை. அந்தச் சீர்மையில் யார் கை பட்டது என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது: இது மனிதரைக் கொல்லச் செய்த கருவி. அதை மழுப்பக் கூடாது. மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வெட்டிச் சோதித்த விவரத்தைப் பொன்னெழுத்தில் தாங்கிய எடோ கால வாள்களும் உள்ளன. அந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை, அதுவே சரி. ஆனால் 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. 1945க்குப் பின் அமெரிக்கப் படை வாள்களைப் பறிமுதல் செய்தது. கடலில் கொட்டியவையும் உருக்கியவையும் ஏராளம். அப்போது ஹொன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள், இவற்றில் கலைப்பொருள்களும் உள்ளன என்று வாதாடினார்கள். மிஞ்சிய பழைய வாள்கள் பல அப்படித்தான் பிழைத்தன. ஆயுதம் என்ற பயன் போன பிறகும் அவற்றைக் காப்பாற்றியது இந்தப் பார்க்கும் அறிவுதான்.

ஏதாவது அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வாள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், உறையையும் கைப்பிடியையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வாளுக்கு நேரே நின்றால் வெறும் பளபளப்புதான் தெரியும். சற்றே முழங்கால் மடக்கி, விளக்கின் ஒளி விளிம்பில் விழும்படி தலையை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதலில் வெண்ணிற அலை தெரியும். பிறகு அதற்கு மேலே மடிப்பின் கோடுகள். இரண்டுக்கும் ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.