25 எழுத்து குறைந்த மரபணு

மனிதனின் 11ஆம் குரோமோசோமில் இதயத் தசைக்கென்றே ஒரு மரபணு உண்டு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்பது அதன் பெயர். இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதியில் 25 எழுத்துகள் இல்லை. வடசென்னையின் மணலி மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் மாநகரப் பேருந்தில், நிற்பவர்களையும் சேர்த்து 75 பேர் இருந்தால், சராசரியாக மூவரிடம் இந்தக் குறை இருக்கும். அந்த மூவருக்கும் அது தெரிந்திருக்காது. பலருக்கு அதனால் வாழ்நாள் முழுக்க ஒன்றும் நேர்வதுமில்லை. சிலருக்கோ நடுவயதைத் தாண்டும்போது இதயம் தளர்ந்துவிடுகிறது.

எழுத்து என்று இங்கே சொல்லப்படுவது டி.என்.ஏ.யின் வேதிப்பொருள்கள். அவை நான்கே வகை. அந்த நான்கும் மாறிமாறி நின்று, எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது வர வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மூன்று எழுத்து சேர்ந்தால் ஓர் அமினோ அமிலம். இந்தக் குறியீட்டை விளக்கியதற்காக ஹர் கோவிந்த் கொரானா உள்ளிட்ட மூவர் 1968இல் நோபல் பரிசு பெற்றார்கள். டி.என்.ஏ.யின் சேதி முதலில் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது. அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோப்பது ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோத்து முடித்த சங்கிலிதான் புரதம். அது அப்படியே கிடப்பதில்லை. மடிந்து, முறுக்கிக்கொண்டு, தனக்கென்று ஒரு வடிவம் எடுக்கிறது. அந்த வடிவம்தான் வேலை செய்கிறது. அமினோ அமிலச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே திரும்பவே முடியாது என்பதை 1963இல் கணக்கிட்டு வரைபடமாகக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இன்றும் அந்த வரைபடத்தை வைத்தே தங்கள் முடிவுகளைச் சரிபார்க்கிறார்கள்.

எழுத்து மாறினால் நோய் வருமா? அது மாறிய இடத்தைப் பொறுத்தது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகைக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்கிறது. அவ்வளவுதான், சிவப்பணு வளைந்து, குறுகிய ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. ஆனால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால்தான் இந்தச் சோகை முழுதாக வெளிப்படும்.

எழுத்து மாறாமல் விடுபட்டுப்போனால் கதை வேறு. ‘மணலி கடல் படகு’ என்று மூன்று சொற்கள், ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்து. இதில் ‘லி’யை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரித்தால் ‘மணக டல்ப டகு’ என்றாகிறது. போனது ஓர் எழுத்துதான்; அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் பொருளிழக்கின்றன.

இதய மரபணுவில் நடப்பது இதைவிடச் சுற்றுவழி. மரபணு முழுவதும் புரதத்துக்கான சேதி அல்ல. இடையிடையே இன்ட்ரான் எனும் பகுதிகள் வரும். செல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸான் எனும் பகுதிகளை மட்டும் ஒட்டிக்கொள்ளும். காணாமல் போன 25 எழுத்துகள் இருந்தது 32ஆவது இன்ட்ரானில், அதாவது எப்படியும் எறியப்பட வேண்டிய இடத்தில். ஆனால் எங்கே வெட்டுவது என்ற குறிப்பும் அங்கேதான் இருந்தது. அது கலைந்ததால் பக்கத்திலிருக்கும் 33ஆவது எக்ஸானும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறது, படிக்கும் வரிசையும் பிசகுகிறது. இந்த மரபணு தரும் புரதத்தின் கடைசி 62 அமினோ அமிலங்கள் போய், சம்பந்தமே இல்லாத 55 வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதயத் தசையின் மயோசின் இழையை அந்தப் புரதம் பற்றிக்கொள்வது அந்த வால்பகுதியால்தான்.

சில இந்தியக் குடும்பங்களில் காணப்பட்ட இந்தக் குறையைப் பற்றிய முதல் அறிக்கை 2003இல் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் பிறரும் 2009இல் விரிவான முடிவை வெளியிட்டார்கள். இந்தக் குறை இருப்பவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்றது அந்த ஆய்வு. குறை தோன்றியது சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன்பு என்றும் மதிப்பிட்டது. இவ்வளவு காலம் அது அழியாமல் வந்ததில் வியப்பில்லை. நோய் பெரும்பாலும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகே தலைகாட்டுகிறது. இளமையில் பிழையான புரதத்தைச் செல்லே சிதைத்து அப்புறப்படுத்திவிடுகிறது, வயதாக ஆக அந்தத் திறன் குறைகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

ஏழு மடங்கு என்ற கணக்கு அப்படியே நிற்கவில்லை. 2018இலும் 2020இலும் வெளிநாடுவாழ் தெற்காசியர்களைப் பற்றி வந்த ஆய்வுகள், 25 எழுத்து குறைந்தவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருப்பதைக் காட்டின. ஆபத்தின் பெரும்பங்கு அவர்களுடையதாக இருக்கலாம். மற்றவர்களுக்கு அது வெகுவாகக் குறைவு. இதனால் முதல் ஆய்வு வீணாகிவிடவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியது அதுதான்.

இரண்டு பிரதிகளிலும் குறை இருப்பது அரிது. இருந்தால் நோய் இளவயதிலேயே கடுமையாக வரக்கூடும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பங்களில், ஒரே மூதாதையின் பிழை இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது.

வடசென்னையின் தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழ்பவர்கள் எந்த நோய்க்கும் முதலில் ஆலைப் புகையைக் கைகாட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. காற்றின் நுண்துகள்கள் மாரடைப்பைக் கூட்டும் என்பது உறுதியான மருத்துவச் செய்தி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகைபிடித்தலும் அப்படியே. மரபணுவில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவையெல்லாம் அதே இதயத்தின் மேல்தான் ஏறுகின்றன. மரபணுவை மாற்ற முடியாதவருக்கும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், அல்லது இதயச் சுவர் தடித்திருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். மணலி, திருவொற்றியூர் பக்கத்தவருக்கு இதயப் பிரிவுள்ள பெரிய அரசு மருத்துவமனை ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி. இருபது வயதில் எடுத்த எக்கோ சரியாக இருந்தால் அத்துடன் விட்டுவிடலாகாது. நோய் வயதோடு வருவது என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் எடுக்க வேண்டும்.