எழுபது ஆண்டுக்கு ஒரு கடிதம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கிறிஸ்தவ வேதத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று சங்கத்தார் பணித்தனர். நான் போதகன் அல்லன். சர்க்கார் அலுவலகமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆகையால் பெரிய தத்துவங்களுக்குள் புகாமல், வேதத்தில் உள்ள ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லத் துணிகிறேன். அது ஊரை விட்டு வெகுதூரம் வந்து வாழ நேர்ந்த மக்களுக்கு எழுதப்பட்டது. டில்லியில் இருக்கும் நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

என் தகப்பனார் 1961ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகரத்திற்கு மாற்றலாகி வந்தார். இரண்டே ஆண்டு, பிறகு ஊர் திரும்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. எனவே என் தாயாரின் பித்தளைப் பாத்திரங்கள் இருந்த இரும்புப் பெட்டி ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமலே கிடந்தது. குவார்ட்டர்ஸின் பின்புறத்தில் ஒரு முருங்கைக் கொம்பு நடலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். "நாம் போன பிறகு யார் ஐயா பறிப்பது?" என்றார்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் புத்தாண்டு ஆராதனையன்று வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கும் வழக்கம் உண்டு. 1968ஆம் ஆண்டில் தகப்பனார் கைக்கு வந்தது எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். கடவுள் நம்மைக் குறித்துக் கொண்டிருக்கும் எண்ணம் தீமைக்கானதன்று, நலத்திற்கானதே என்பது அதன் கருத்து. அவர் அதை மாற்றல் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மனு எழுதிப் போட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டில் என் பாட்டியார் இறந்தார். தந்தி கண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்ற மகன், அடக்கம் முடிந்த பின்னரே வீடு சேர்ந்தார். திரும்பி வந்தபின் பல மாதம் வேதப் புத்தகத்தை அவர் தொடவில்லை. சீட்டு மட்டும் சுவரில் இருந்தது.

இனி அக்கடிதத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை வென்று, அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் சிறைப்படுத்திக் கொண்டு போனான். சில ஆண்டு கழிந்து, அனனியா என்றொருவன் ஆலயத்திலே எல்லோரும் கேட்க, இரண்டே ஆண்டில் அனைவரும் திரும்பி வருவர், இது கடவுள் வாக்கு என்று முழங்கினான். எரேமியா தீர்க்கதரிசி அப்பொழுது பாபிலோனின் ஆதிக்கத்திற்கு அடையாளமாக ஒரு மரநுகத்தைக் கழுத்தில் பூண்டிருந்தார். அனனியா அதைப் பிடுங்கி உடைத்தான்.

எரேமியா என்ன செய்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அவர் சினந்து பேசவில்லை. முதலில் 'ஆமென்' என்றார்! அவ்வாறே ஆகட்டும், நீ சொல்வதைக் கடவுள் நிறைவேற்றட்டும் என்றார். அந்த ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் ஆசை வேறு, கேட்ட வாக்கு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நுகம் உடைக்கப்பட்டபோதும் மறுமொழி கூறாமல் தம் வழியே போய்விட்டார்; கடவுளின் மறுமொழி பிறகுதான் அவருக்கு வந்தது. கடவுளை நம்புகிறவனிடம் எல்லாக் கேள்விக்கும் உடனே விடை இருக்கவேண்டும் என்று எண்ணுவோர் இவ்விடத்தைப் படிக்கவேண்டும்.

ஆமென் என்ற அச்சொல்லின் எபிரேய வேருக்கு உறுதியாய் நிற்றல் என்று பொருள். நாம் விசுவாசம் என்று சொல்லும் 'எமூனா' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. யாத்திராகமத்தில் போர் நடக்கும்போது மோசே கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் தளர்கின்றன. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்க, சூரியன் மறையும்வரை அக்கைகள் அசையாது நின்றன என்று சொல்லுமிடத்தில் வருவது இந்தச் சொல்லே. ஆகவே விசுவாசம் என்பது இன்னது நடக்கும் என்ற நிச்சயம் மட்டுமன்று. பொழுது சாயும்வரை கையைத் தாழ்த்தாதிருப்பதும், முடியாதபோது பிறர் தாங்க இடங்கொடுப்பதும் அதில் அடங்கும்.

சிறைப்பட்டோருக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள் என்று தொடங்குகிறது. அடுத்து வருவதுதான் கடினமானது. உங்களைச் சிறைப்பிடித்தவர்களின் நகரம் நலமாயிருக்க வேண்டுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் இருக்கிறது என்கிறார். இதைக் கேட்டு வெகுண்ட செமாயா என்பவன், எரேமியாவைத் தண்டிக்கும்படி பாபிலோனிலிருந்தே எருசலேமுக்கு எழுதினான். அவன் கோபத்தில் எனக்கு வியப்பில்லை.

பத்தாம் வசனத்தில் காலக் கெடு வருகிறது: எழுபது ஆண்டு. (இதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் அறிஞர்கள் ஒருமித்ததில்லை. பாபிலோன் பாரசீக மன்னன் கோரேசிடம் வீழ்ந்தது கி.மு. 539இல்.) கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களுள் பலர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். இதற்குப் பின்னரே நமது சீட்டு வசனம் வருகிறது. வசன எண்கள் அச்சுப் புத்தகங்களில் பரவியது 16ஆம் நூற்றாண்டில். எரேமியா எண்ணிட்டு எழுதவில்லை. எண் இருப்பதனால் வசனத்தைத் தேடி எடுப்பது எளிதாயிற்று, தனியே பிய்த்து எடுப்பதும் எளிதாயிற்று.

ஒரு மாலையில் தகப்பனார் என்னை அழைத்து, "அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசி" என்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பத்தாம் வசனத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். வெகுநேரம் கழித்து, "கடிதத்தை நடுவிலிருந்து படித்துவிட்டேன்" என்றார். அவருடைய துக்கம் அன்றோடு தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்; தாயின் முகத்தைக் காணாத வருத்தம் கடைசிவரை இருந்தது. ஆனால் பெட்டி திறக்கப்பட்டது. அடுத்த மழைக்கு முருங்கைக் கொம்பை அவரே நட்டார். காய்க்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கே பாதி போயிற்று. 1998இல் இம்மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தோம்.

எரேமியாவும் அந்தத் திரும்புதலைக் காணவில்லை. எருசலேம் முற்றுகையில் இருக்கையில், தாம் காவலில் கிடந்தபடியே, ஆனதோத்தில் உறவினனுடைய நிலத்தைப் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். இன்றைய நிறையில் சுமார் 200 கிராம். பத்திரத்தை நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பின்னர் அவரை எகிப்துக்குக் கொண்டு போனார்கள். அந்நிலத்தில் அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை.

எரேமியாவின் புத்தகத்தில் 27 முதல் 29 வரையுள்ள அதிகாரங்களையும் 32ஆம் அதிகாரத்தையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். ஒரு மணி நேரம் போதும். வேதப் புத்தகம் இல்லாத அன்பர்கள் எச்சமயத்தவராயினும் என் வீட்டிற்கு வரலாம். தகப்பனாரின் பிரதி இருக்கிறது. அட்டை கிழிந்திருந்தாலும் எழுத்துப் பெரிது.