லொக் தந்த அளவுகோல்



ஜோன் லொக் எழுதிய 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' 1689ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர் பெயரின்றி இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனைத் தமது நூலென அவர் வெளிப்பட ஒப்புக்கொண்டது, தாம் இறந்த 1704ஆம் ஆண்டில், மரண சாசனத்திலேதான்.

அவ்வளவு அச்சத்தை விளைவித்த கருத்து யாது? ஆட்சி, மக்கள் தம் உயிரையும் உரிமையையும் உடைமையையும் காக்குமாறு ஒப்படைத்த பொறுப்பு. அதற்குத் துரோகம் இழைக்கும் ஆட்சியை நீக்க அவர்களுக்கு உரிமையுண்டு. 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒலித்ததும் இக்கருத்தே.

உழுது பயிரிடுபவனின் உழைப்பே நிலத்தை அவனுக்கு உரியதாக்கியது என்றும் லொக் கூறினார். கமக்காரர் நெஞ்சுக்கு இது இனிக்கும். ஆயினும் நாம் மயங்கிவிடலாகாது. இதே வாதத்தைக் காட்டி, அமெரிக்கப் பூர்வகுடிகளின் வேட்டை நிலங்களைப் பிறர் பறித்தனர். லொக்கோ, அடிமை வாணிபம் நடத்திய அரச ஆபிரிக்கக் கம்பனியில் பங்கு வைத்திருந்தவர்.

ஆகவே நூலை எறிந்துவிடுவதா? வேண்டாம். சம்மதமின்றி எவரையும் ஆளலாகாதெனில், அடிமையும் பூர்வகுடியும் அந்த 'எவருள்' அடங்குவர். அவர் தந்த அளவுகோலால் அவரையும் அளப்போம். நம்மை ஆள்வோரையும் அளப்போம். நாம் பிறரை நடத்தும் முறையையும் அளப்போம். அதுவே நாம் நூல் கற்றதன் பயன்.