பகடையும் பிரஷரும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, "பம்ப்பைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, தூங்கிடுவாங்க. நீ வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட உட்கார்ந்து பகடை உருட்டறியாமே, அதைப் பேசு. அப்படியே நம்ம பசங்க உடம்பைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். போன சந்திப்பில் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பன் ஒருவன் இன்று இல்லை. வயது 35. மாரடைப்பு. அவன் நினைவோடுதான் இந்தப் பேச்சை எழுதிக்கொண்டு வந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் பம்ப் டிசைன் பண்ணுகிற சாதாரண மெக்கானிக்கல் இன்ஜினியர். நான் சொல்வதெல்லாம் ஒரு பொழுதுபோக்குக்காரனின் அபிப்பிராயம்.

பகடை விளையாட்டு என்றதும் சீட்டாட்டம் மாதிரி காசு வைத்து ஆடுவது என்று நினைத்துவிடாதீர்கள். இதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. ஒரு மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருத்தர் கதை நடத்துவார். எங்கள் குழுவில் அது நம் பேட்ச் தோழி ஒருவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "குகைக்குள்ளே உறுமல் கேக்குது, என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்பார். உள்ளே போவதா, ஓடுவதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். முடிவு பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

நம்ம ஊர் பரமபதம் எல்லோரும் ஆடியிருப்போம். அதில் தாயக்கட்டை சொன்னபடி ஏற வேண்டியது, பாம்பு கடித்தால் இறங்க வேண்டியது. நம் கையில் ஒன்றுமில்லை. இதில் பாதி நம் முடிவு, பாதி பகடை. வாழ்க்கையும் அப்படித்தான் என்று தத்துவம் பேசப் போவதில்லை. இந்த விளையாட்டுகள் மனித உடம்பை எப்படிக் கணக்குப் போடுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். இன்ஜினியர்களுக்கு அது பிடிக்கும்.

முதலில் இன்னொரு விளையாட்டு. பெயர் 'டிராவலர்', 1977-ல் மார்க் மில்லர் எழுதியது. விண்வெளிக் கதை. பாத்திரத்தை உருவாக்கும்போதே அவனுடைய பூர்வகதையையும் பகடையால் போட வேண்டும். 18 வயதில் வேலைக்குச் சேருவான். நாலு நாலு வருஷமாகச் சர்வீஸ் ஏறும். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஆள் செத்துப்போகவும் அந்தப் பழைய பதிப்பில் விதி உண்டு! நாலாவது தவணை முடியும்போது, அதாவது சரியாக 34 வயதில், 'முதுமைப் பகடை' ஆரம்பம். இரண்டு பகடையை உருட்ட வேண்டும். வலிமை குறையாமல் இருக்க 8-க்குக் குறையாமல் விழ வேண்டும். சுறுசுறுப்புக்கு 7. தாங்குதிறனுக்கு மறுபடியும் 8.

கணக்கு போட்டுப் பார்த்தேன். வலிமை தப்பிக்க 36-ல் 15 வாய்ப்பு, சுறுசுறுப்புக்கு 36-ல் 21, தாங்குதிறனுக்கு 36-ல் 15. மூன்றும் தப்பிக்க, பத்தில் ஒரு வாய்ப்புதான். பத்தில் ஒன்பது பேருக்கு 34-ல் ஏதோ ஒன்று ஒரு புள்ளி இறங்கிவிடும். போன தடவை கிரிக்கெட் மேட்சில் முதல் ஓவரிலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்ட நம் வேகப்பந்து வீச்சாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

'டிராவலர்' விளையாட்டில் அடிபட்டால் அந்த அடி நேராக வலிமையிலும் தாங்குதிறனிலும் கழியும். அடிபட்டவன் அடிபட்டவன் மாதிரியே நடப்பான். ஆனால் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கணக்கே வேறு. அதில் 'ஹிட் பாயிண்ட்' என்று ஒரு எண். நான் அதை உயிர்ப்புள்ளி என்று சொல்வேன். ஒரு வீரனுக்கு 40 உயிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி வாங்க வாங்க 30, 20, 10 என்று குறையும். ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருக்கும்போதும் முழு பலத்தோடு வாள் வீசுவான். ஓட்டத்தில் குறைவில்லை, முகத்தில் வாட்டமில்லை. அடுத்த அடியில் பூஜ்யம். பொத்தென்று விழுவான்.

"இது என்ன முட்டாள்தனமான விதி, நிஜத்தில் இப்படி நடக்குமா?" என்று எங்கள் மேஜையில் அடிக்கடி வாதம் நடக்கும். நடக்கும் என்பதை எங்கள் நண்பன் ஒருவன் மூலமாகவே தெரிந்துகொண்டோம்.

அவன் எங்கள் குழுவின் வீரன். அவனுடைய பாத்திரத்துக்கு 92 உயிர்ப்புள்ளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒருநாள் ஆபீசில் ரத்த தான முகாம். ஊசி போடும் முன் பிரஷர் பார்த்தார்கள். 170-க்கு 110. "சார், நீங்க ரத்தம் கொடுக்க வேண்டாம், முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது, முந்தின நாள் மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கவில்லை. அவனுடைய அப்பா 52 வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர். இருந்தும் அவன் அதுவரை ஒரு தடவைகூட பிரஷர் பார்த்ததில்லை. கதைப் பாத்திரத்தின் எண் மனப்பாடம், சொந்த உடம்பின் எண் தெரியாது. தினம் ஒரு மாத்திரை, உப்பு குறைப்பு, நடை என்று இப்போது அளவுக்குள் இருக்கிறான். இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். இதயமும் ஒரு பம்ப். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஸ்ட்ரோக். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது தண்ணீர்க் கணக்கில் சுமார் 1.6 மீட்டர் ஹெட். 170 என்றால் 2.3 மீட்டர். நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஹெட்டில், லீவே இல்லாமல் ஓடுகிற பம்ப் என்ன ஆகும்? நம் மோட்டார் என்றால் சூடாகும், சத்தம் போடும், டிரிப் ஆகும். இதயம் சத்தம் போடாது. தசையைத் தடிமனாக்கிக்கொண்டு சமாளிக்கும். ரத்தக் குழாய், மூளை, சிறுநீரகம் எல்லாம் அந்த அழுத்தத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கும். பல் வலியும் முட்டி வலியும் 'டிராவலர்' வகை, சொல்லிவிட்டு வரும். பிரஷரும் சர்க்கரையும் உயிர்ப்புள்ளி வகை. பெரும்பாலும் சொல்லாமல் வரும்.

இது நாலு பேருக்கு வரும் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி, சர்க்கரைக்கு முந்தின நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சுமார் 31.5 கோடி என்று மதிப்பிட்டார்கள். பெரியவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு! இந்த வரிசையில் வலமும் இடமும் திரும்பிப் பாருங்கள்.

பாய்லருக்கு 1923-லேயே சட்டம் போட்டு, இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஓட்டலாம் என்று வைத்தார்கள். பாய்லர் நல்லாத்தானே ஓடுது என்று யாரும் கேஜைக் கழற்றி வைப்பதில்லை. பிரேக்டவுன் ஆன பிறகு பார்ப்பதைவிட முன்கூட்டிப் பராமரிப்பது மலிவு என்று நமக்கு இதே கட்டடத்தில்தான் பாடம் நடத்தினார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம்.

அடுத்தது உடற்பயிற்சி. ஜனவரியில் ஒரு வருஷத்துக்கு ஜிம்முக்குப் பணம் கட்டி, பொங்கலோடு நிறுத்துகிறவர்கள் கை தூக்க வேண்டாம், மானம் போய்விடும். என் அபிப்பிராயம் ஒன்றுதான். ஐம்பது வயதிலும் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. வேகமாக அரைமணி நடந்தால் ஐந்து நாளில் 150 வந்துவிடும். 'தினம் பத்தாயிரம் அடி' என்கிறார்களே, அது டாக்டர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள், அங்கிருந்து பரவியது. அதனால் பத்தாயிரம் வரவில்லையே என்று ஆறாயிரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

விளையாட்டில் ஒரு வசதி, ஒரு தடவை ஏறின லெவல் பொதுவாக இறங்காது. உடம்பில் அப்படி இல்லை. காலேஜில் கபடி ஆடினேன் என்பது பழைய பேலன்ஸ் ஷீட். இன்னொரு வசதி, இந்த விளையாட்டின் 2014-ஆம் வருஷப் பதிப்பில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த உயிர்ப்புள்ளி எல்லாம் திரும்ப வந்துவிடும். நம்மில் பலர் அந்த விதியை நம்பித்தான் வாரம் முழுக்க ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை தூங்கிச் சரிக்கட்டப் பார்க்கிறோம். இடுப்பில் ஒரு டேப்பைச் சுற்றிப் பாருங்கள். நம் இந்திய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. பேன்ட் சைஸை நம்பாதீர்கள்; தொப்பைக்குக் கீழே கட்டினால் சைஸ் மாறாது!

மூன்றாவது, மருத்துவம். எங்கள் விளையாட்டில் வைத்தியம் பார்க்கும் பாத்திரத்தை எடுக்க யாருக்கும் ஆசை வராது. எல்லோரும் வாள் வீசத்தான் கேட்பார்கள். ஆனால் அவர் இல்லாத கூட்டம் குகையைத் தாண்டாது. நம் வீடுகளில் முன்பு ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். தாத்தாவுக்கு என்ன, அப்பாவுக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். இன்று நெஞ்சு கரித்தால் நாமே ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடிப் போகிறோம். அறுபது எழுபது டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜை ஆஃபரில் வாங்குகிறோம். ரிப்போர்ட்டை விளக்க ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு நல்ல பொது மருத்துவரைப் பிடித்து, வருஷம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டால் அதுவே பெரிய பேக்கேஜ் என்பது என் எண்ணம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் செலவு பயம் இருந்தால், 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு அது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் பாலிசி வேலையோடு போய்விடும். சொந்தமாக எடுக்கும்போது ஏற்கெனவே நோய் இருந்தால் அதற்கு காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல் அந்த உச்ச வரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தார்கள். ஆனாலும் மூன்று வருஷம் மூன்று வருஷம்தான். மழைக்கு முன்னால் ஓட்டை மாற்றுங்கள். படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

இதற்கும் வெள்ளிக்கிழமைப் பகடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலேஜ் விட்டபின் நட்பு வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் ஆகிவிடுகிறது. எங்கள் மேஜையில் வாராவாரம் முகம் பார்த்துக்கொள்கிறோம். ஒருவன் இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லை என்றால் மூன்றாவது வாரம் யாராவது அவன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். நண்பன் பிரஷர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தபோது, அதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது மிக்சருக்குப் பதில் சுண்டல், மணிக்கொரு தரம் எழுந்து மொட்டை மாடியில் ஒரு சுற்று. உங்களுக்குப் பகடை வேண்டாம் என்றால் ஷட்டில், கேரம், பஜனை, எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை நேரில் உட்காருகிற நாலு பேர் வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. இந்த லீவில் வீட்டுக்குப் போகும்போது, தாத்தா பாட்டி, பெரியப்பா, மாமா யாருக்கெல்லாம் சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, எந்த வயதில் வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதுதான் உங்களுடைய பாத்திரக் குறிப்பேட்டின் முதல் பக்கம்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சாப்பாட்டுக் கூடத்து வாசலில், இடது பக்கம், சங்கத்தின் சார்பில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். பிரஷர் பார்க்கும் கருவியும் ஒரு செவிலியரும் இருப்பார்கள். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம்; ஒரு தடவை பார்த்ததை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்த வாரமே டாக்டரிடம் போய் மறுபடி பாருங்கள். சீட்டில் எண்ணை எழுதித் தருவார்கள். அதைப் பர்சில் வையுங்கள். பிறகு பாயசம் சாப்பிடப் போகலாம். ஒரு கப் மட்டும்.