பஞ்சு விலையும் ஒற்றாடலும்



தமிழாசிரியனுக்கு நூற்பாலையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் பவணந்தி முனிவரே நன்னூலில், நூல் இயற்றுவதற்குப் பஞ்சையும் நூற்றலையும் உவமையாக்கியவர்தாமே!

2022 மே மாதத்தை நினைவுகூருங்கள். 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஓரிலட்சம் ரூபாயைக் கடந்தது. ஓராண்டுக்கு முன் அது ஏறத்தாழ அதில் பாதியே. நூல் விலை தாங்காமல் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலினர் அம்மாதம் 16, 17 ஆகிய இரு நாள்களும் உற்பத்தியை நிறுத்தினர். ஆலை மேலாளர் முன் நின்ற வினா ஒன்றே: இன்று வாங்குவதா, பொறுப்பதா? வாங்கியபின் விலை இறங்கினால் வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கும். வாங்காதிருந்து விலை ஏறினால் கதிர்கள் நிற்கும், தொழிலாளர் வேலையின்றி வீடு திரும்புவர்.

அந்நேரத்தில் அவர் எதை நாடுவார்? பெரும்பாலும் அறிக்கையை அன்று, ஆளை. பஞ்சுத் தரகரை அழைப்பார். குசராத்தின் ஜின்னிங் ஆலைக்காரரை அழைப்பார். அண்டை ஆலையாரிடம் மெல்லப் பேச்சுக் கொடுப்பார். ஆர்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் அகிலார் 1967-இல் வெளியிட்ட நூலிலும், மேலாளர்கள் புறவுலகச் செய்திக்கு ஆள்களையே மிகுதியும் சார்ந்திருத்தல் பேசப்படுகிறது. இதில் குற்றமில்லை, அறிக்கை ஆறிப்போய் வரும், ஆள் சுடச்சுடச் சொல்வார். ஆயினும், 'சரக்கே இல்லை' என்பவர் கிடங்கில்தான் சரக்கு இருக்கும். விளைச்சல் கணக்கும் நிலைத்து நிற்கவில்லை: இந்தியப் பருத்திச் சங்கம் அப்பருவ மதிப்பீட்டைப் பலமுறை குறைத்தது.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவர் சொல் ஒத்தால் மட்டுமே தெளிக என்கிறார். அறியாமை என்னும் அந்த நிபந்தனையிலேதான் உயிர் இருக்கிறது என்பேன். ஒரே தேநீர்க் கடையில் கேட்டதை மூன்று தரகர் வந்து சொன்னால் அது மூன்று செய்தி ஆகாது. வாட்சாப் குழுக்களில் நிகழ்வதும் அதுவே.

1956-இல் கோவையில் தோன்றிய 'சிட்ரா' ஆராய்ச்சி நிறுவனம், ஆலைகளின் பஞ்சுச் செலவையும் நூல் விற்பனை விலையையும் திரட்டி ஒப்பிட்டு அவர்களுக்கே தருகிறது. போட்டியாளர் தம் கணக்கை ஓரிடத்தில் ஒப்படைப்பது எளிய செயலன்று. கொங்கு மண்ணின் பெருமைகளுள் அதனையும் வைப்பேன். ஆனால் அது சென்ற நாளின் கணக்கு. நாளைய விலையை அது கூறாது.

2022 முடிவதற்குள் பஞ்சு விலை பெரிதும் இறங்கிற்று. மே மாதத்தில் அஞ்சி வாங்கிய பஞ்சு உச்ச விலைப் பஞ்சாகவே கிடங்கில் இருந்தது.